ஆமைக் கரைக்கு நாங்கள் போய்வந்த கதை

இன்றைக்கும் யாராவது ஊர் சுற்றிவிட்டு வந்து போட்டோ காட்ட ஃபோனை நீட்டினால் எனக்கு வயிறு எரியும். “அடடா, என்ன அழகு!” என்று வாய் சொல்லும், விரல் அடுத்த படத்துக்கு நகரும், உள்ளே மட்டும் அடுப்பு அணையாது. நாற்பதை நெருங்குகிற பெண் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அடுப்பைப் பற்றவைத்தவள் என் பெரியப்பா மகள். அப்போது எனக்குப் பத்து வயது.

அவள் என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். வெறும் எட்டே மாதம். அதற்காக ஆயுசுக்கும் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். அவர்கள் அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் சொந்த வீட்டில் இருந்தார்கள். மாடிப்படி வீட்டுக்குள்ளேயே இருக்கும். நாங்கள் பார்சிப்பனியில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம், எங்கள் மாடிப்படி வெளியே இருக்கும், பனிக்காலத்தில் வழுக்கும். அக்காவுக்குக் கை எட்டாமல் போன கோட் எனக்கு வரும். அவள் ஓட்டி அலுத்த சைக்கிள் எனக்கு வரும். பிறந்தநாளுக்கு அவளுக்கு இரண்டு பொம்மை வந்துவிட்டால் அதில் ஒன்று எனக்கு வரும். நான் முறைத்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். வாங்காமல் இருந்ததாக நினைவில்லை.

போட்டோவிலும் இதே கதைதான். அந்தக் காலத்தில் ஃபிலிம் ரோலைக் கழுவக் கொடுக்கும்போது உறையின் மேல் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி கிடைக்கும். பெரியப்பா தவறாமல் டிக் அடிப்பார். முதல் செட் அவர்கள் ஆல்பத்துக்கு, இரண்டாவது செட் எங்களுக்கு. நாங்கள் காரில் போய்வந்ததெல்லாம் பிட்ஸ்பர்க் கோயிலுக்குத்தான், அதுவும் புளியோதரைத் தூக்கோடு. அதனால் எங்கள் வீட்டு ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அவர்கள்தான் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அருவி முன்னால் அக்கா, பனிமலை மேல் அக்கா, கப்பல் தளத்தில் அக்கா. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “இதுல உங்க பொண்ணு எங்கே?” என்று கேட்பார்கள்.

நாங்கள் ஏன் எங்கும் போவதில்லை என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான். “கிரீன் கார்டு வரட்டும், பார்க்கலாம்.” நாய் வளர்க்கலாமா என்றாலும் அதே பதில், பியானோ கிளாஸ் என்றாலும் அதே பதில். அது ஏதோ பெரிய பார்சலாக வரும், அதற்குள் நாய், பியானோ, வீட்டுக்குள்ளே மாடிப்படி எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அப்பாவின் மனு கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அனுமதி இல்லாமல் அமெரிக்காவை விட்டு ஒரு காலை வெளியே வைத்தாலும் மனு அம்போ என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போய்வருவதற்கென்று தனியாக ஓர் அனுமதிக் கடிதம் வேண்டும். அப்பா அதற்கு மார்ச்சிலேயே எழுதிப் போட்டிருந்தார். ஏனென்றால் ஜூன் கடைசியில், கும்பகோணத்தில் என் அத்தைக்குக் கல்யாணம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை அவள்.

கல்யாணத்தில் பொரியிடும்போது பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போடுவது அவளுடைய அண்ணனின் வேலை. இரண்டு அண்ணன்மார் இருந்தும் சின்ன அண்ணன்தான் போட வேண்டும் என்று அத்தை சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு ஃபோன் போட்டால் அப்பா அத்தையிடம் ஹாலே அதிரக் கத்துவார். “வந்துடறேம்மா! லெட்டர் வந்தா அன்னிக்கே டிக்கெட் போட்டுடறேன்! நீ ஏன் அழறே?” லெட்டர் வரவில்லை. பெரியப்பா குடும்பம் போனது. அக்காவுக்கு அரக்கு நிறத்தில் பட்டுப்பாவாடை, ஜரிகை அரை அடிக்கு. அந்தப் பாவாடையை நினைத்துத்தான் நான் அழுதேன். கல்யாணத்தன்று அப்பா ஆபீசுக்குப் போனார் என்று நினைவு.

கல்யாணத்துக்குப் போய்வந்ததோடு அவர்கள் சும்மா இருந்தார்களா? ஆகஸ்டில் மறுபடி கிளம்பினார்கள். பெரியப்பாவின் ஆபீஸ் நண்பர் யாரோ சொல்லி, கோஸ்டாரிக்காவில் கரீபியன் கடலோரமாக டோர்டுகேரோ என்று ஓர் இடம். ஆமைகள் முட்டையிட வருகிற கரை. உலகப்படத்தில் அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. கண்டுபிடித்த கையோடு உலகப்படத்தை மூடிவைத்தேன்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, விடுமுறை நாள். பெரியப்பா குடும்பம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது, தடித்த உறையோடு. பெரியப்பா கல்யாணத்துக்குக் கொண்டுபோன ரோல் அங்கே முடியவில்லையாம். முடியாத ரோலைக் கழுவக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதனால் அதே ரோலில் முன்பாதி கும்பகோணம், பின்பாதி கோஸ்டாரிக்கா. பெரியப்பா உறையைப் பிரித்துக் கல்யாணப் படங்களைத் தனியாக எடுத்து அப்பாவிடம் கொடுத்தார்.

“இந்தாடா. பொரி போடறது கடைசில இருக்கு. கொஞ்சம் புகை, ஆனா எல்லாரும் விழுந்திருக்கா.”

“நல்லா வந்திருக்கு அண்ணா” என்றார் அப்பா. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற படங்களைக் கேட்கவே இல்லை. கடல் படம் மொத்தமும் எனக்கே விட்டுவிட்டாரே, என்ன ஆதாயம் என்று நான் உறையை அள்ளிக்கொண்டு சோபாவின் மூலைக்குப் போனேன். அக்காவும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தாள், ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொல்ல.

அந்த ஊருக்கு ரோடே கிடையாதாம். பத்துப் பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று, அது கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கோடு மாதிரி இருக்கும் ஒரு மண்திட்டில் இறங்குமாம். அங்கிருந்து படகு. காட்டுக்குள்ளே கால்வாய்கள், டீத்தண்ணி நிறத்தில். இரண்டு பக்கமும் மரங்கள் வளைந்து தலைக்கு மேலே சேர்ந்துவிடுமாம். தலைகீழாகத் தொங்கும் தேவாங்கு போல ஒரு பிராணி, நாள் முழுக்க ஒரே கிளையில். விடிகிற நேரத்தில் கூரை பிய்கிற மாதிரி கத்தும் குரங்குகள். சிவப்பு உடம்பும் நீலக் காலுமாக ஒரு தவளை, நீல ஜீன்ஸ் மாட்டிக்கொண்டதுபோல, அக்காவின் கட்டைவிரல் நகத்தளவுதான் இருந்தது. கறுத்த மணலில் ட்ராக்டர் ஓட்டியதுபோலத் தடம். அது ஆமை ஏறி வந்த தடமாம். ஒவ்வொரு படத்திலும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில் அக்கா, பல்லெல்லாம் தெரிய.

பெரியம்மா சாப்பாட்டு மேஜையிலிருந்து குரல் கொடுத்தாள். “ரொம்ப அளக்கறாடி அவ. நம்ம ஆலப்புழாதான். அதே தென்னமரம், அதே வாழை. தேங்காப்பால்ல சாதத்தையும் பீன்ஸையும் போட்டுக் குடுக்கறான், நான் கொண்டுபோன புளிக்காய்ச்சல்லதான் அஞ்சு நாள் ஓடித்து. கொசு மட்டும் நம்மூரைவிடப் பெருசு.” அம்மா சிரித்துக்கொண்டே ரசம் பரிமாறினாள். அம்மாவின் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் வரும்.

கடைசியில் அக்கா என் காதோடு சொன்னாள், இங்கிலீஷில். ராத்திரி ஆமை கரையேறியதாம். துடுப்பு மாதிரி இருக்கும் காலால் குழி தோண்டியதாம். பிங்பாங் பந்துபோல முட்டை, நூற்றுக்கும் மேலே. போடும்போது அது அழுததாம். நிஜமாகவே கண்ணீர் வழிந்ததாம்.

“எங்கே, காட்டு” என்றேன்.

வெளிச்சம் பட்டால் ஆமை பயந்து கடலுக்கே திரும்பிவிடும், அதனால் அங்கே கேமரா கூடாது என்றாள். “ஐ ஜஸ்ட் ரிமெம்பர் இட்” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு முழுசாகப் பற்றிக்கொண்டது. போட்டோ இருந்திருந்தாலாவது இரண்டாவது செட் எனக்கு வந்திருக்கும். இதற்கு இரண்டாவது செட்டே கிடையாது.

அந்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்பு டீச்சர் முதல் வேலையாக, கோடை விடுமுறையில் போன ஓர் இடத்தைப் பற்றிப் படம் ஒட்டிப் பெரிய அட்டையில் எழுதி வரச் சொன்னார். மாதக் கடைசியில் பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் மாலையில் அதையெல்லாம் வராந்தாச் சுவரில் மாட்டப்போகிறார்களாம். பக்கத்து நாற்காலிப் பையன் டிஸ்னி என்றான், முன் நாற்காலிப் பெண் தாத்தாவின் படகு என்றாள். பிட்ஸ்பர்க் கோயிலையும் புளியோதரைத் தூக்கையும் நான் எந்த முகத்தோடு சுவரில் மாட்டுவேன்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நான் ஏனோதானோ என்று பொய் சொல்கிறவள் இல்லை. மூன்று வாரம் நூலகமே கதியென்று கிடந்தேன். அந்தக் கரைக்கு எத்தனை வகை ஆமை வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது, பிறந்த கரையை அது எப்படித் தேடிப்பிடிக்கிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. கால்வாய்களின் படத்தைப் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினால் படகில் போகிற மாதிரியே இருக்கும். ஆமை அழுவதில்லை, உடம்பில் சேர்ந்த உப்பைக் கண் வழியாக வெளியே விடுகிறது, அவ்வளவுதான் என்றும் ஒரு புத்தகத்தில் இருந்தது. அன்றைக்கே அக்காவுக்கு ஃபோன் போட்டேன். “இட் வாஸ்ன்ட் க்ரையிங். இட்ஸ் ஜஸ்ட் சால்ட்.” அவள் டொக்கென்று ஃபோனை வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

அடுத்தது படம். எங்கள் செட்தான் இருக்கிறதே. ஆனால் எல்லாவற்றிலும் அக்கா. பள்ளிக்கூடத்தில் எடுத்த என் போட்டோவில் சின்ன அளவுப் பிரதிகள் வீட்டில் ஒரு கட்டு கிடந்தன. என் தலையை அழகாக வெட்டி, அக்காவின் தலைமேல் ஒட்டினேன். பசைக்குச்சியை ஓரம்வரை தடவி, விரலால் நீவி, மேலே அகராதியைத் தூக்கி வைத்தேன். ஒட்டியதே தெரியவில்லை. என்ன, ஒரே போட்டோவின் பிரதிகள் என்பதால் படகிலும், காட்டிலும், தவளைக்குப் பக்கத்திலும் என் தலை ஒரே பக்கம் சாய்ந்து, அதே ரோஜா நிற கிளிப்போடு, அதே சிரிப்பைச் சிரித்தது.

குடும்பமாகப் போனதாக எழுதியாயிற்று. அப்பா வேண்டுமே? அப்பாவின் அலமாரியில் நீல நிற ஃபைல் ஒன்று உண்டு. கிரீன் கார்டு ஃபைல். மனுவோடு அனுப்பிய போட்டோவில் மீதி இரண்டு அதில் இருந்தன. முகத்தை முக்கால்வாசி திருப்பி, வலது காது நன்றாகத் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். அப்பா டை கட்டிக்கொண்டு, காதைக் காட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றை எடுத்து, டையோடு சேர்த்து வெட்டி, படகில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் கழுத்துக்கு மேல் ஒட்டினேன். அம்மாவுக்குப் படம் தேடவில்லை. போட்டோ எடுப்பதே அம்மாதான் என்று வைத்துக்கொண்டேன்.

பெற்றோர் மாலைக்கு அப்பாவும் அம்மாவும் கிளம்பியபோது என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நானும் போனேன். அட்டைகள் நிறைய இருக்கும், கூட்டத்தில் யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு நப்பாசை. என் அட்டையை டீச்சர் வகுப்பு வாசலிலேயே, நட்டநடுவில், மாட்டி வைத்திருந்தார்.

“ஓ, நீங்கள்தானா!” என்று டீச்சர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வகுப்பிலேயே சிறந்த அட்டை இதுதான், இவ்வளவு விவரம் தான்கூடப் படித்ததில்லை, எப்பேர்ப்பட்ட பயணம், எவ்வளவு கொடுத்துவைத்த குழந்தை என்று மூச்சுவிடாமல் இங்கிலீஷில் பேசினார். படத்தில் தலை ஒட்டியிருப்பதை அவர் பார்க்காமல் இல்லை. குழந்தையின் கைவண்ணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். “படகில்கூட டை கட்டிக்கொண்டு போனீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது” என்று சிரித்தார்.

அப்பா அட்டையைப் படித்தார். ஆகஸ்டில் நானும் என் பெற்றோரும் கோஸ்டாரிக்காவுக்கு விமானத்தில் போனோம் என்று முதல் வரியிலேயே, கொட்டை எழுத்தில், என் பெயரோடு எழுதியிருந்தது. பக்கத்தில் அரசாங்கத்துக்கு அனுப்பிய அதே போட்டோ, லைஃப் ஜாக்கெட்டில்.

“நோ, நோ, மேடம்” என்றார் அப்பா. “வீ டிட் நாட் கோ. வீ ஆர் கன்டினியஸ்லி இன் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்.”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அம்மாவின் கைப்பைக்குப் பின்னால் போய் நின்றேன்.

காரில் அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். “என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேடி? நாடு விட்டுப் போனோம்னு நீயே எழுதி ஊர் பார்க்க மாட்டிட்டியே! யாராவது பார்த்து கம்ப்ளெயின்ட் பண்ணினா? அப்பா வேலை, கிரீன் கார்டு, எல்லாம் போச்சு. மூட்டை கட்டிண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்!” நான் ஓவென்று அழுதேன். அப்பா சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் நின்றார், பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் வக்கீலுக்கு ஃபோன் போட்டு, பதிவுக் கருவியில் மூன்று தரம் விஷயத்தைச் சொல்லி வைத்தார். காலையில் வக்கீல் கூப்பிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். பத்து வயதுக் குழந்தையின் அட்டையை எந்த அரசாங்கமும் படிக்காது என்றாராம். அப்பாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. எழுத்தில் இருக்கும் தப்பை எழுத்தால்தான் திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி. ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டு, ஒரு கடிதம் டைப் அடித்தார். என் மகள் எழுதியது முழுக் கற்பனை என்றும், நாங்கள் மூவரும் நாட்டை விட்டு வெளியேறவில்லை என்றும், ஆகஸ்ட் மாதம் முழுவதும் நான் ஆபீசுக்கு ஒழுங்காகப் போனேன் என்றும். என்னையும் கூட்டிக்கொண்டு அதை பேங்குக்கு எடுத்துப்போய் நோட்டரி முத்திரை வாங்கினார். முத்திரை குத்திய அம்மாள் அதைப் படித்துவிட்டு, என்னை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் அப்பா மூன்று பாஸ்போர்ட்டையும் பரப்பினார். அமெரிக்காவில் வந்து இறங்கிய முத்திரையைத் தாண்டி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். “ஸீ மேடம். எம்ப்டி. ஆல் எம்ப்டி.” எனக்கு உயிரே போயிற்று. எங்கும் போகாத குடும்பம் என்பதற்குச் சாட்சியோடு வந்து நிற்கும் அப்பா உலகத்தில் வேறு யாருக்காவது உண்டா? அக்காவின் பாஸ்போர்ட்டில் கோஸ்டாரிக்கா முத்திரை நீல மையில் பளிச்சென்று இருக்கும், அவள் எனக்கு இரண்டு தரம் காட்டியிருக்கிறாள்.

டீச்சர் கடிதத்தைப் படித்தார், காலிப் பக்கங்களைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. அவ்வளவு அழகான இடத்துக்கு உங்களால் போக முடியவில்லையே, வருத்தமாக இருக்கிறது என்றார்.

“ஈவன் மை சிஸ்டர்ஸ் வெட்டிங், மேடம்” என்றார் அப்பா. “ஐ டிட் நாட் கோ.”

அத்தை கல்யாணத்தை இவர் எதற்கு டீச்சரிடம் இழுக்கிறார் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. டீச்சர் எழுந்துபோய், அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்தார்.

வீட்டில் அப்பா அதைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைத்தார். இப்போதுதான் அடி விழும் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, படகில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தன்னையே கிட்டத்தில் பார்த்தார். போட்டோவின் ஓரத்தை விரலால் தடவினார்.

“ஒட்டினதே தெரியலையே. எதைப் போட்டு ஒட்டினே?”

“க்ளூ ஸ்டிக்” என்றேன்.

“வெட்டறதுக்கு?”

“அம்மாவோட நெயில் ஸிஸர்ஸ்.”

“ஓ” என்று சொல்லிவிட்டு அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். அடியும் இல்லை, திட்டும் இல்லை. ஆனால் அம்மா ஒரு மாதத்துக்கு டி.வி. கிடையாது என்று தீர்ப்புச் சொன்னாள், இரண்டாவது செட் மொத்தமும் அப்பாவின் அலமாரிக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் என் பசைக்குச்சியைக் காணோம். பென்சில் பை, மேஜைக்கு அடி, படுக்கைக்கு அடி எல்லாம் தேடியாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து என் அறையில் விளையாடிவிட்டுப் போயிருந்தாள். வேறு யார்? உடனே ஃபோன் போட்டு, உன்னிடம் எல்லாம் இருக்கிறதே, என்னிடம் இருக்கும் ஒன்றையும் ஏன் திருடுகிறாய் என்று கத்தினேன். அவள் அழுதாள். உப்புதான் என்று சொல்ல வாய் வந்தது, அதற்குள் பெரியம்மா ஃபோனை வாங்கிவிட்டாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை. அப்பா கடைக்குப் போயிருந்தார். கடல் போட்டோக்களைத் திரும்ப எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். நீல ஃபைல் கையில் வந்தது. உள்ளே மேலாக, கழுகுச் சின்னம் போட்ட ஒரு கடிதம். அப்பா மார்ச்சில் எழுதிக் கேட்ட அனுமதி அது, அந்த வாரம்தான் வந்திருந்தது என்று பின்னால்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு அது வெறும் தாள். அதன் அடியில் என் பசைக்குச்சி. அதற்கும் அடியில் கல்யாணப் போட்டோ.

ஹோமப் புகைக்கு நடுவில் அத்தை இரண்டு கையையும் குவித்து நீட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வேட்டியும் அங்கவஸ்திரமுமாகப் பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா. டையும் சட்டைக் காலருமாக, வலது காதைக் காட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு. பெரியப்பாவுக்கு வலது பக்கம் ஒட்டிப் பிய்த்த தடம் ஒன்று இருந்தது, அத்தைக்குப் பின்னால் இன்னொன்று. கடைசியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் கிடைத்த இத்தனூண்டு இடத்தில் அப்பா நின்றிருந்தார். பெரியப்பாவின் முகத்தை மறைக்கவில்லை. நானாக இருந்தால் மறைத்திருப்பேன்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் யோசனை, என் பசை, நான் கண்டுபிடித்த கைவேலை. எனக்கு ஒரு மாதம் டி.வி. கிடையாது, இவருக்கு ஒன்றுமில்லையா? போட்டோவும் பசையுமாகச் சமையலறைக்கு ஓடினேன். அம்மா தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

“லுக்! அப்பா டிட் தி ஸேம் திங்! நீ அவரை மட்டும் திட்டவே இல்ல!”

அம்மா மிக்ஸியை நிறுத்தினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டோவை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எனக்கு ஸாரி சொல்லு” என்றேன்.

“ஸாரிடா கண்ணா” என்றாள், உடனே. பத்து வயதில் அம்மா வாயிலிருந்து ஸாரி வாங்குவதென்றால் சும்மாவா? ஜெயித்துவிட்டேன். அதே ஜோரில், “காதைச் சுத்தி ஒழுங்காவே கட் பண்ணல. வெள்ளையா நிக்கறது பாரு” என்று காட்டினேன், சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை. இதை நீ பார்த்ததாக அப்பாவிடம் சொல்லாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, போட்டோவை எடுத்துப்போய் ஃபைலில் இருந்த இடத்திலேயே வைத்தாள். பசைக்குச்சியை என்னிடம் கொடுத்தாள்.

மூடியைத் திறந்து பார்த்தேன். போன மாதம்தான் வாங்கியது, அடிவரை தேய்ந்திருந்தது. ஒரே ஒரு சின்னத் தலையை ஒட்ட இந்த அப்பாவுக்கு எதற்கு இவ்வளவு பசை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.